பங்களாச் சாமானைப் படிக்க அமெரிக்கா போக வேண்டுமா?

செப்டெம்பர் 9 – அப்புத்தளை வாசகியின் கேள்வி

அக்கா, பேராதனையில் வரலாறு முடித்துவிட்டுத் தொண்டராசிரியையாக இருக்கிறேன். அமெரிக்காவில் டெலவெயர் மாநிலத்தில் வின்டர்டூர் என்ற பழைய மாளிகையில் அலங்காரக் கலைகளை ஆராய உதவித்தொகை கொடுக்கிறார்களாம். நீங்கள் அங்கே இருந்துவிட்டு வந்தவர் என்று கேள்விப்பட்டேன். பழைய கதிரை, பீங்கான், திரைச்சீலை இதையெல்லாம் படிப்பது துரைமார் வேலை, நம்ம சனத்துக்கு இதில் என்ன இருக்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விண்ணப்பிக்கலாமா?

செப்டெம்பர் 9, இரவு

விண்ணப்பி தங்கச்சி. வீட்டில் கேட்கிற கேள்வியை ஒதுக்கிவைக்காதே, அதையே உன் ஆய்வுக் கேள்வியாக வை. மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், மின்சாரம் போய்ப் போய் வருகிறது.

செப்டெம்பர் 10

முதலில் அந்த இடம் என்ன என்று சொல்லிவிடுகிறேன், பெயரை மட்டும் கேட்டுவிட்டு விண்ணப்பிக்கிறவர்கள் நிறையப் பேர். டூபான் குடும்பத்து மாளிகை அது. 1802இல் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் வெடிமருந்து ஆலை தொடங்கிய குடும்பம். சொத்தெல்லாம் அதிலிருந்து வந்தது. முதல் வீட்டைக் கட்டியது 1839இல். பிறகு ஹென்றி பிரான்சிஸ் டூபான் கைக்கு வந்தபோது அதைப் பெருப்பித்துப் பெருப்பித்து 175 அறைகளாக்கினார். 1640 முதல் 1860 வரை அமெரிக்காவில் செய்த அல்லது புழங்கிய சாமான்களைத் தேடித்தேடி வாங்கினார். இன்றைக்கு அங்கே ஏறக்குறைய 90,000 பொருள்கள். பழைய வீடுகள் இடிபடும்போது சுவர்ப்பலகை, கதவு, மாடிப்படி என்று பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பொருத்தியிருக்கிறார். 1951இல் மாளிகையை அருங்காட்சியகமாகத் திறந்தார், அடுத்த வருடமே டெலவெயர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பட்டப்படிப்பும் தொடங்கிவிட்டது.

இவருக்கு இந்த ஆசை எப்படி வந்தது தெரியுமா? 1923இல் வெர்மான்டில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே பைன் மரத் தட்டு அலுமாரி ஒன்றில் இளஞ்சிவப்பு ஸ்டாஃபர்ட்ஷயர் பீங்கான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த மரத்தின் நிறமும் பீங்கானின் நிறமும் சேர்ந்து நின்றதைப் பார்த்ததுதான் தொடக்கம். விருந்து வைத்தால் எந்தத் தட்டுக்குத் தோட்டத்திலிருந்து எந்தப் பூ என்று பொருத்தம் பார்ப்பாராம், பருவத்துக்குப் பருவம் திரைச்சீலை மாறுமாம். இதைப் படித்தபோது எங்கள் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பெரிய பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டு வேலைக்காரராக, இருந்தவர். துரையின் மனைவி, துரைசாணி, எந்த விருந்துக்கு எந்த மேசைவிரிப்பு போடச் சொல்வார், எந்தக் கிண்ணத்தில் ரோசாப்பூ, எதில் லில்லிப்பூ என்று கடைசிக் காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். டூபான் சொன்னதெல்லாம் ஏட்டில் இருக்கிறது, தாத்தா சொன்னது எங்கள் காதில் மட்டும் இருக்கிறது.

அந்த மாளிகை நிலம் ஒரு காலத்தில் 2,500 ஏக்கர் வரை இருந்தது, அதற்குள்ளேயே தபாலகம், ரயில் நிலையம், மாட்டுப் பண்ணை, வேலைக்காரர் வீடுகள் எல்லாம். மேலே பெரிய பங்களாவும் கீழே லயமும், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளும், பார்த்து வளர்ந்த நமக்கு அந்த ஏற்பாடு சட்டென்று விளங்கிவிடும். அங்கே வந்திருந்த மற்ற ஆய்வாளர்கள் மாளிகையை வாசல் பக்கமிருந்து பார்த்தார்கள். எனக்குக் குசினிப் பக்கத்துக் கதவைத்தான் முதலில் தேடத் தோன்றியது.

செப்டெம்பர் 10, பின்னேரம்

பதுளைத் தம்பி, அவர்களுடைய பழைய தேநீர் மேசைகளில் ஓடியது நம் தேயிலைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி இல்லை. 1773இல் பொஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய 342 பெட்டியும் சீனத் தேயிலை. இலங்கையில் வியாபாரத்துக்கென்று முதலில் தேயிலை போட்டவர் ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில், அதுவும் 1867இல். டூபான் சேகரித்த சாமான்களின் காலம் 1860ஓடு நின்றுவிடுகிறது. விண்ணப்பத்தில் இதைக் கலந்து எழுதினால் முதல் பக்கத்திலேயே கீழே வைத்துவிடுவார்கள்.

அவர்கள் மேசைக்கும் நமக்கும் தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. பிலடெல்பியாவில் செய்த தேநீர் மேசைகளுக்கு மகோகனி மரம் கரீபியன் தீவுகளிலிருந்தும் ஹொண்டுராஸ் கரையிலிருந்தும் வந்தது, அதை வெட்டி இழுத்தவர்கள் அடிமைகள். மேசையின் பளபளப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கு அந்த மரம் வெட்டியவர்களையும் சேர்த்தே எழுதுகிறார்கள். நம் மலையில் உட்கார்ந்து நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

செப்டெம்பர் 13

அங்கே போய் என்ன படித்தீர்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் படித்ததில் பாதி, சாமானைக் கவிழ்த்துப் பார்ப்பது. மேல்பக்கத்தைத் துடைத்துத் துடைத்து, பொலிஷ் போட்டு, உண்மையெல்லாம் போயிருக்கும். அடிப்பக்கத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கைவாளால் அறுத்த பலகையில் கோடுகள் நேராக ஓடும், வட்டவாளால் அறுத்ததில் வளைந்து ஓடும். திருகாணியின் முனை மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் 1840களின் நடுவுக்கு முந்தியது, கூராக இருந்தால் பிந்தியது. லாச்சியை வெளியே இழுத்து மூலைப் பொருத்தைப் பார்த்தால் கையால் வெட்டியதா இயந்திரம் வெட்டியதா என்று தெரியும். வட்ட மேசை என்றால் அளவுநாடாவை இரண்டு பக்கமும் வை. மரம் நீளவாக்கில் சுருங்காது, குறுக்கே சுருங்கும், அதனால் நூறு வருடத்து வட்டப் பலகை கொஞ்சம் நீள்வட்டமாகி இருக்கும். துல்லியமான வட்டமாக இருந்தால் சந்தேகப்படு.

இதை அப்படியே மலைநாட்டுக்குக் கொண்டுவர முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே குழிக்கு மேல் மரத்தை வைத்து இரண்டு பேர் மேலும் கீழும் நின்று வாள் இழுத்த காலம் 20ஆம் நூற்றாண்டிலும் ஓடியது. ஆகவே நேர்கோட்டைப் பார்த்துவிட்டு மிகப் பழையது என்று சொன்னால் தப்பாகிவிடும். மரம் எது என்று முதலில் பார். பங்களாக்களில் பலா, தேக்கு, முதிரை, சில இடத்தில் கருங்காலி. வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்தது என்று காட்டுகிற கதிரையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிச்சட்டம் பலாவாக இருக்கும். அதாவது செய்தது இங்கே, மொறட்டுவைத் தச்சர்கள் கைவேலையாகக்கூட இருக்கலாம். கையை நீட்டிக் காலைத் தூக்கிப் போடுகிற துரைக் கதிரை இருக்கிறதே, பிரம்பு பின்னிய அந்தச் சாய்வுக் கதிரை, இந்த மாதிரிப் படிப்புக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

செப்டெம்பர் 14

நுவரெலியா ஐயா எழுதியதை முழுவதும் வாசித்தேன். அவர் கேட்பது இதுதான்: அந்தச் சாமானைத் தலையில் சுமந்து மலையேற்றியவர்கள் நாங்கள், 10க்கு 12 அடி லயக் காம்பராவில் ஒரு குடும்பமே படுத்துக் கிடந்தபோது மேலே ஒருத்தனுக்குப் பத்துப் பன்னிரண்டு அறை, இப்போது அவன் கதிரையின் அழகைப் பாட எங்கள் பிள்ளையே போக வேண்டுமா?

ஐயா, உங்கள் கோபத்தில் ஒரு சொல்லைக்கூட நான் குறைக்க மாட்டேன். ஆனால் அதே கோபத்தோடு அந்தச் சாமானைப் பார்க்கலாம் என்கிறேன். ஒரு உதாரணம். பங்களாக்களில் வெள்ளித் தட்டு என்று சொல்வதில் பெரும்பாலானவை முழு வெள்ளி கிடையாது, மின்முலாம் பூசியவை. 1840இல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்த முறை. அந்தப் பூச்சு மிக மெல்லியது. பொலிஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க வெள்ளி போய்விடும், உள்ளேயிருக்கும் உலோகம் தெரியும். தாத்தா வேலை செய்த பங்களாத் தட்டு ஒன்றை நான் பார்த்தேன், விளிம்பில் ஒரே பக்கம் மட்டும் தேய்ந்து மஞ்சளடித்துப் போயிருந்தது. இடது கையால் பிடித்து வலது கையால் தேய்த்தவர் விட்ட தடம் அது. தட்டு செய்த கம்பனியின் முத்திரை பின்பக்கம் இருக்கிறது, வாங்கிய துரையின் பெயர் தோட்டத்து ஏட்டில் இருக்கிறது, வருசக்கணக்காகத் தேய்த்தவருக்கு அந்தத் தேய்மானம் மட்டும்தான் சாட்சி. அதை வாசிக்கத் தெரிந்தவர் யாராவது வேண்டாமா? அது நம் பிள்ளையாக இருந்தால் என்ன?

இன்னொன்றும் உண்டு. துரை மாறும்போது பங்களாச் சாமான் பட்டியல் ஒன்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வரவேற்பறை, சாப்பாட்டறை, படுக்கையறை என்று அறை வாரியாக இருக்கும். அமெரிக்காவிலும் பழைய வீடுகளில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க இறந்தவரின் சொத்துப் பட்டியலைத்தான் முதலில் எடுக்கிறார்கள். நம் பட்டியல்கள் எங்கே? 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசு கைக்குப் போனபோது சில கைமாறின, 1992இல் திரும்பக் கம்பனிகளிடம் போனபோது இன்னும் சில. நான் தேடிப்போன ஒரு தோட்டத்தில், கறையான் அரித்த பழைய ஏடுகள் என்று சொல்லி மொத்தமாக எரித்துவிட்டிருந்தார்கள். கண்ணாடி அலுமாரி ஒன்றை விறகுக்கு உடைத்ததையும் அங்கேதான் கேள்விப்பட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

செப்டெம்பர் 15

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். எல்லா இடமும் அப்படி இல்லை. அப்புத்தளை அடிசம் பங்களாவைப் பாருங்கள். 1931இல் சேர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ் கட்டியது, இன்று பெனடிக்ட் சபைத் துறவிகள் இருக்கும் மடம். வரவேற்பறையும் நூலகமும் பழைய சாமான்களோடு அப்படியே இருப்பதால்தான் சனம் போய்ப் பார்க்கிறது. தங்கச்சி, உனக்கு அது பக்கத்து ஊர். விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் அங்கே போய் ஒரு கதிரையை நன்றாகப் பார்த்துவிட்டு வா. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பங்களாக்கள் சில இன்று விடுதிகள். நல்ல பராமரிப்புத்தான், ஆனால் தங்குகிறவருக்கு மட்டும் திறக்கிற கதவு அது.

செப்டெம்பர் 20

காம்பராவில் அலங்காரக் கலை எங்கே இருந்தது என்று ஹட்டன் வாசகர் ஒருவர் கேட்டார். நான் எழுத ஆசைப்பட்டுக்கொண்டிருந்த விசயம் இதுதான்.

தேயிலைப் பெட்டியிலிருந்து தொடங்குவோம். ஒட்டுப்பலகையில் செய்து, விளிம்புக்குத் தகரம் அடித்து, உள்ளே ஈயத்தாள் மாதிரிப் பளபளக்கிற தாள் ஒட்டிய பெட்டி. பேப்பர் சாக்கு வந்தபிறகு அது மறைந்துவிட்டது. ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், உடைந்துபோன பெட்டி லயத்துக்கு வரும். அதில் அரிசி வைத்தார்கள், சேலை வைத்தார்கள், இரண்டைச் சேர்த்து அலுமாரி செய்தார்கள், மேலே பூப்போட்ட துணி விரித்துச் சாமி மாடம் ஆக்கினார்கள். எங்கள் வீட்டு அலுமாரியின் பக்கவாட்டில் தோட்டத்துப் பெயரும் பி.ஓ.பி. என்ற தேயிலை ரகமும் நிறை எண்ணும் கறுப்பு மையில் அப்படியே இருந்தன. அம்மா பெட்டியை வைக்கும்போது எழுத்துப் பக்கத்தைச் சுவரோடு திருப்பிவைப்பார், பக்கத்து வீட்டில் எழுத்துப் பக்கத்தை வெளியே வைத்து அதன் கீழே சிவப்புப் பெயின்டில் கோலம் போட்டிருந்தார்கள். இது தெரிவு இல்லையா? அழகு எது என்று இரண்டு வீட்டுக்காரர் வேறு வேறாக முடிவு செய்திருக்கிறார்கள், அலங்காரக் கலை என்று வேறெதைச் சொல்வது?

அப்புறம் சாமிப் படங்கள். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு வழியில் வந்த படங்கள், கலண்டரிலிருந்து வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டவை, சிலர் படத்துச் சேலைக்குச் சரிகையும் பாசிமணியும் ஒட்டுவார்கள். அடுப்புப் புகையில் சுவர் கறுத்துவிடும், வருசத்துக்கு ஒருமுறை தைப்பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்தச் சட்டங்கள் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். இஸ்தோப்பு என்கிற முன் திண்ணைத் தரைக்குச் சாணியும் மண்ணும். காமன் கூத்துக்கு வெட்டுகிற கடதாசிப் பூவும் தலைப்பாகையும் தனிக் கலை, அதற்கு ஒரு முழு ஆய்வே வேண்டும்.

1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் நம் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாகக் கணக்குப் போட்டது. போனவர்கள் டிரங்குப் பெட்டியில் அடங்கியதைக் கொண்டுபோனார்கள், குத்துவிளக்கையும் அம்மியையும் பக்கத்து வீட்டில் விட்டுப்போனார்கள். எங்கள் லயத்தில் பாதி வீட்டில் இப்படி யாரோ விட்டுப்போன சாமான் இருந்தது, யாருடையது என்று பெயர் சொல்லியே புழங்குவார்கள். ஒரு பெரியம்மா அந்த விளக்கை ஏற்றும்போதெல்லாம் அதன் சொந்தக்காரி பெயரைச் சொல்லித்தான் ஏற்றுவார். பங்களாப் பட்டியலில் சாமான் மட்டும் இருக்கும், லயத்துச் சாமான் ஒவ்வொன்றுக்கும் ஆளும் உண்டு.

கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. போகாதவர்கள் போய்ப் பாருங்கள். தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.

செப்டெம்பர் 21

அவசரமாக ஒன்று. பங்களா நூலகங்களில், சந்தையில் பழைய ஆங்கிலப் புத்தகம் வாங்குகிறவர்கள் கவனிக்கவும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் துணி அட்டை போட்ட பளிச்சென்ற பச்சைப் புத்தகங்கள் சிலவற்றின் சாயத்தில் ஆர்சனிக் இருக்கிறது. வின்டர்டூரில் 2019 முதல் இதைத் தேடிச் சோதிக்கும் திட்டம் ஒன்று ஓடுகிறது. அந்தப் பச்சை கையில் ஒட்டும். கையுறை போட்டு எடுங்கள், தனியாக மூடி வையுங்கள், கையைக் கழுவுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். தூசி தட்ட வேண்டாம்.

ஒக்டோபர் 2

இத்தனையும் எழுதியபிறகு கொஞ்ச நாளாக யோசனை. இதற்கெல்லாம் அமெரிக்கா ஏன்? கண்டி மலையிலேயே வழி காட்டியவர் ஒருவர் இருந்தாரே. ஆனந்த குமாரசுவாமி 1903இல் கனிப்பொருள் அளவாய்வுக்குத் தலைவராக வந்து, ஊர் ஊராகக் கல்லைத் தேடிப் போன இடத்தில் கைவினைஞர்களைக் கண்டு, தச்சர், கொல்லர், நெசவாளர், பாய் பின்னுகிறவர் எல்லோரையும் கேட்டுக் கேட்டு எழுதி 1908இல் நூலாக்கினார். அவர் மனைவி எதல் எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. செய்கிறவரிடமே போய்க் கேட்பது என்ற முறையை அவரிடமே படிக்கலாம், விசா தேவையில்லை.

ஆனால் அவர் பார்வையில் தோட்டம் இல்லை. மேற்கத்திய வாழ்க்கை உள்ளே வந்து பழைய கைவினைகளை அழிக்கிறது என்பது அவர் கவலை, அந்தக் கவலை நியாயம்தான். பங்களாச் சாய்வுக் கதிரையோ, தேயிலைப் பெட்டி அலுமாரியோ அவர் மதிக்கிற மரபுக்குள் வராது. இரண்டு உலகமும் கலந்து உண்டான சாமானைப் படிக்க அதற்கென்று பழகிய கண் வேண்டும். அதை வின்டர்டூர் பழக்குகிறது. அங்கே பணியாற்றிய மெக்ளங் பிளெமிங் 1974இல் ஒரு முறையை எழுதிவைத்தார். ஒரு பொருளை எடுத்தால் அதன் வரலாறு, எதனால் ஆனது, எப்படிக் கட்டியது, வடிவம் என்ன, என்ன வேலைக்கு என்று ஐந்தையும் கேள். இந்த ஐந்தைக் கேட்டுக்கொண்டு நம் காம்பராவுக்குள் போ. நான் சோதித்துவிட்டேன், தேயிலைப் பெட்டி அலுமாரி பிலடெல்பியா மேசைக்குக் குறையாமல் பதில் சொல்கிறது.

ஆகவே போக வேண்டும், திரும்பி வரவும் வேண்டும்.

ஒக்டோபர் 5

நடைமுறைக்கு வருவோம். மாதக்கணக்கில் போகிற குறுகியகால உதவித்தொகையும் உண்டு, நீண்டதும் உண்டு. முதல் தடவை போகிறவர் குறுகியதற்கே கேட்கட்டும். முக்கியமாக எழுத வேண்டியது, அங்கேயுள்ள எந்தத் தொகுப்பு உனக்கு வேண்டும், வேறு இடத்தில் அது ஏன் கிடைக்காது என்பதை. அவர்கள் நூலகத்தில் தளபாட வியாபாரிகளின் பழைய விலைப்பட்டியல்கள், மாதிரிப் படப் புத்தகங்கள், கையெழுத்துக் கணக்கேடுகள் குவிந்து கிடக்கின்றன, அதில் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேள். இணையப் பட்டியலில் தேடினால் கிடைக்கும்.

தலவாக்கலைத் தம்பி, உங்கள் அப்பா தச்சர், நீங்களும் அதே வேலை, பட்டம் இல்லை என்றீர்கள். கைவினைஞர்களுக்கும் கலைஞர்களுக்கும் தனியாக ஓர் உதவித்தொகை அங்கே இருக்கிறது. நீங்கள் செய்த கதிரையின் படங்களை நன்றாக எடுங்கள், வெயில் ஏறுவதற்கு முன்னால் இஸ்தோப்பில் வைத்து எடுங்கள். அடிப்பக்கத்தையும் எடுங்கள்.

ஒக்டோபர் 19

அப்புத்தளைத் தங்கச்சி அனுப்பிய வரைவை வாசித்தேன். அனுமதி கேட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் ஒன்றரைப் பக்கம் இலங்கைத் தேயிலையின் வரலாறு, அதை எடுத்துவிடு, அவர்களுக்கு அது வேண்டாம். மூன்றாம் பக்கத்தில் உன் அப்பாயி பங்களாத் திரைச்சீலையைத் துவைத்து, கிழிந்தபோது பின்பக்கம் பழைய சேலைத் துணியை வைத்துத் தைத்தார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். அந்தத் திரைச்சீலை இன்னும் வீட்டில் இருக்கிறது என்றும் சொல்கிறாய். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவா. துணி என்ன, பூ அச்சடித்ததா நெய்ததா, சேலைத் துண்டு எந்த ஊர் நெசவு, தையல் எத்தனை விதம் எல்லாம் பார்த்து எழுது. வின்டர்டூரில் துணித் தொகுப்பு பெரியது, ஒட்டுப்போட்ட துணிகளும் அதில் இருக்கும், அவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேள்.

துணியைத் துவைக்காதே. மடித்த மடிப்பிலேயே வைக்காமல் வெள்ளைத் துணியோடு சேர்த்து உருட்டி வை. அப்பாயியிடம் பேசுவதை இந்த வாரமே போனில் பதிவு செய்துவிடு. பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராதனையில் யாரைக் கேட்கலாம் என்று தனியாக எழுதுகிறேன்.